புரொஜெக்டர் தொலையாது, அதோட வால்தான் தொலையும்

வணக்கம். மேஜை மேல ஒரு பையைக் கொட்டி வச்சிருக்கேன், பாருங்க. பள்ளிக்கூட லைப்ரரியிலிருந்து வகுப்புக்குப் போயிட்டு வர்ற புரொஜெக்டர் பை. புரொஜெக்டர், பவர் கார்டு, லேப்டாப் படத்தைப் புரொஜெக்டருக்குக் கொண்டு போற ஹெச்டிஎம்ஐ கேபிள், விஜிஏ கேபிள், டைப்-சி அடாப்டர், ரிமோட், லென்ஸ் மூடி. ஆக 7. இதுல ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஏறுறது பெரும்பாலும் புரொஜெக்டர் மட்டும்தான். மத்த 6-க்கும் பேரும் கிடையாது, நம்பரும் கிடையாது. தொலையறது அந்த 6-தான்.

யாரோ எடுத்துட்டாங்கன்னு நினைக்காதீங்க. முக்கால்வாசி நேரம் மாட்டின இடத்துலயே தங்கிடுது. பெல் அடிச்சாச்சு, அடுத்த பீரியட் டீச்சர் வாசல்ல நிக்கிறாங்க, கண்ணுக்குப் பெருசா தெரியறதை மட்டும் அள்ளிட்டு வந்துடுவாங்க. டைப்-சி அடாப்டர் லேப்டாப்லயே குத்தி நிக்கும். பவர் கார்டு சுவத்து பிளக்ல தொங்கும். மைக் வயரோட நுனியில இருக்கிற பி-38-ங்கிற தடிச்ச பின் ஆம்ப்ளிஃபயர்ல மாட்டிக்கிட்டிருக்கும். ட்ரைபாடோட மேல்தட்டு இருக்கே, கால் இஞ்ச் ஸ்க்ரூ வச்ச சின்னத் தட்டு, அது கேமராவோட அடியிலேயே போயிடும். ஒரு ட்ரைபாட் தட்டு இன்னொண்ணுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. அது இல்லன்னா ட்ரைபாட் வெறும் மூணு கால்தான்.

அதனால பொருளுக்குத் தனித்தனியா கணக்கு வைக்காதீங்க, பைக்கு வைங்க. இது பை 3-ன்னா, உள்ள இருக்கிறது 3/1-லேருந்து 3/7 வரைக்கும். எல்லாத்தையும் பரப்பி ஒரு போட்டோ எடுத்து, பிரின்ட் போட்டு, பை மூடியோட உள்பக்கம் ஒட்டுங்க. பக்கத்துல பெருசா 7-ன்னு எழுதுங்க. "எல்லாம் இருக்கா?"ன்னு கேட்டா "இருக்கு சார்"னுதான் பதில் வரும். கேக்காதீங்க, எண்ணுங்க. கொண்டு வந்தவங்க நிக்கும்போதே எண்ணுங்க, அரை நிமிஷ வேலை.

பையைத் திருப்பிக் கொண்டு வர்றது பெரும்பாலும் எட்டாவது படிக்கிற பையனாத்தான் இருக்கும். அவனைத் திட்டிப் பிரயோஜனமில்ல. "3/5 இல்ல, டைப்-சி"ன்னு ஒரு சீட்டு எழுதி உடனே அதே ரூமுக்கு அனுப்புங்க. அன்னைக்கே தேடினா கிடைக்கும். மறுநாள் ஆச்சுன்னா வேற லேப்டாப்போட வேற வீட்டுக்கே போயிருக்கும். ரிஜிஸ்டர்லயும் தேதி, பீரியட், பை எண், யாரு, எந்த ரூம், எத்தனை போச்சு, எத்தனை வந்துச்சுன்னு கட்டம் போட்டுடுங்க. பேரை விட ரூம் நம்பர்தான் தேடும்போது கைகொடுக்கும்.

லைப்ரரிக் கணக்குக்கு கோஹா சாஃப்ட்வேர் வச்சிருக்கிறவங்களுக்கு இன்னும் சுலபம். பைக்கு ஒரே பார்கோடு போட்டு, பொருளோட விவரம் எழுதுற 952-ங்கிற ஃபீல்டுல 3-ங்கிற சப்ஃபீல்ட்ல "7 பொருள்"னு எழுதிட்டா, கொடுக்கும்போதும் வாங்கும்போதும் அதுவே ஞாபகப்படுத்தும்.

இப்ப லேபிள். காகித ஸ்டிக்கர் வேண்டாம், புரொஜெக்டர் சூட்டுல உரிஞ்சிடும். இன்சுலேஷன் டேப் நம்ம ஊர் வெயில்ல பிசுபிசுத்துடும். வயரைச் சுத்தி ஒட்டி, நுனியை கொடி மாதிரி வெளியே விடுற பிளாஸ்டிக் லேபிள் நல்லது. சூடு காட்டினா சுருங்கிப் பிடிச்சுக்கிற ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போடுறவங்க ஒண்ணு கவனிங்க. ஹெச்டிஎம்ஐ தலை அகலம், வயர் ஒல்லி. தலை வழியா நுழையுற ட்யூப், பாதியா சுருங்குற ரகமா இருந்தா வயரைப் பிடிக்காது, லொடலொடன்னு ஓடும். மூணுல ஒண்ணா சுருங்குற ரகம் வாங்குங்க. நம்பர் ரெண்டு நுனியிலயும் இருக்கணும், ஒரு நுனி எப்பவும் எங்கேயோ பின்னாடிதான் மறைஞ்சிருக்கும். கறுப்பு ரிமோட்டுக்கு வெள்ளை நெயில் பாலிஷ்ல மூணு புள்ளி வச்சா பை 3. இதுக்கு மேல சிக்கனமா ஒரு வழி எனக்குத் தெரியாது.

தொலையறதை விடத் தொல்லை, நல்ல பொருள் "ரிப்பேர்"னு திரும்பி வர்றது. கன்வர்ட்டர்தான் இதுல முதல் குற்றவாளி. ஹெச்டிஎம்ஐ-லேருந்து விஜிஏ-க்கு மாத்துறது ஒண்ணு, விஜிஏ-லேருந்து ஹெச்டிஎம்ஐ-க்கு மாத்துறது இன்னொண்ணு. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனா சிக்னல் ஒரு பக்கமாத்தான் போகும். மாத்திப் போட்டா படம் வராது. ஒரு நுனியில "லேப்டாப்", மறு நுனியில "புரொஜெக்டர்"னு எழுதிடுங்க. உள்ள சிப் வச்ச நீள ஹெச்டிஎம்ஐ கேபிளும் அப்படித்தான், திருப்பி மாட்டினா வேலை செய்யாது. டைப்-சில இன்னொரு கூத்து: எல்லா லேப்டாப்போட டைப்-சி ஓட்டையும் வீடியோ அனுப்பாது. அடாப்டரைப் பழுதுன்னு ஒதுக்குறதுக்கு முன்னாடி வேற லேப்டாப்ல ஒரு தடவை மாட்டிப் பாருங்க.

விஜிஏ-ல படம் மஞ்சளா வந்தா நீலத்துக்கான 3-ஆவது பின் தொடல. சிவப்பு செத்து வானநீலமா தெரிஞ்சா 1-ஆவது பின். பின் வளைஞ்சிருக்கான்னு பாருங்க, ரெண்டு ஸ்க்ரூவையும் முறுக்குங்க. நிறைய கேபிள்ல 9-ஆவது பின் இருக்கவே இருக்காது, அது உடைஞ்சது இல்ல. காலர் மைக்கா? பின்னுல கறுப்பு வளையத்தை எண்ணுங்க. 2 இருந்தா கேமராவுக்கு, 3 இருந்தா போனுக்கு. 2 வளையத்தைப் போன்ல குத்தினா, போன் தன்னோட மைக்லயே பதிஞ்சுக்கிட்டிருக்கும், முடிஞ்ச பிறகுதான் தெரியும்.

கேபிளை முழங்கையில சுத்தாதீங்க, உள்ள முறுக்கு விழுந்து நுனிகிட்ட அறுந்துடும். ஒரு ஜாண் அகல வட்டமா சுத்தி வெல்க்ரோ பட்டை போடுங்க. ரப்பர் பேண்ட் உருகி ஒட்டிக்கும்.

மே லீவுக்கு முன்னாடி எல்லா ரிமோட்லயும் செல்லைக் கழட்டிடுங்க, கசிஞ்சா ஸ்பிரிங்கையே தின்னுடும். ஆல்கலைன் செல் கசிஞ்சு வெள்ளையா பூத்திருந்தா, பட்ஸ்ல ஒரு சொட்டு வினிகர் தொட்டுத் துடைச்சு காய விடுங்க. ஜூன்ல புது செல் போட்டதும் ரிமோட்டைப் போனோட செல்ஃபி கேமராவுக்கு நேரா பிடிச்சு பட்டனை அமுக்குங்க. நுனியில வெளிச்சம் மின்னினா ரிமோட் நல்லா இருக்கு. அப்பவும் புரொஜெக்டர் கேக்கலைன்னா, அதோட முகத்துல ரிமோட் சிக்னலை வாங்குற சின்னக் கறுப்புக் கண்ணாடியைத் துடைங்க, சாக்பீஸ் தூசி அப்பியிருக்கும்.