முதுகைப் பார்

நேயர்களுக்கு வணக்கம். நான் வியாசர்பாடிப் பக்கம் ஒரு வார்ப்படப் பட்டறையில் 34 வருடம் மோல்டராக இருந்தவன். எழும்பூர் அருங்காட்சியகத்தில் எனக்குப் பிடித்த பொருள்களைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். 1851இல் தொடங்கியது அது. எங்கள் பாட்டி அதை 'செத்த காலேஜ்' என்றுதான் சொல்வார். மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. உங்கள் வீட்டுப் பெரியவர்களும் அப்படிச் சொல்லியிருப்பார்கள்.

என்னை முதலில் அங்கே கூட்டிப்போனவர் எங்கள் மேஸ்திரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெண்கலக் கூடத்தில் ஓர் அம்மன் சிலைக்கு முன்னால் நின்று கும்பிட்டேன். "கும்பிட்டாச்சா? சரி, அந்தப் பக்கம் போய் முதுகைப் பார்" என்றார். போனேன். தலைக்குப் பின்னால் வட்டமாகச் சிரச்சக்கரம், அதன் கீழே தோளில் இறங்கும் தலைமுடிச் சுருள்கள், இடுப்பில் அணிகளின் முடிச்சு. முகத்துக்குச் செய்த அதே வேலை முதுகிலும் இருந்தது.

அது ஏன் பெரிய விஷயம் என்றால், இவை உற்சவர்கள். பீடத்தில் துளை இருக்கிறதே, தண்டு செருகித் தூக்கிப்போக. திருவொற்றியூரில் சுவாமி புறப்பாடு பார்த்திருப்பீர்கள். பட்டும் மாலையும் போக நமக்குத் தெரிவது முகம் மட்டும்தான். அந்த முதுகைப் பார்ப்பவர் அபிஷேகம் செய்யும் குருக்கள் ஒருவர்தான். அவர் ஒருவருக்காக அவ்வளவு வேலை!

அதுவும் எப்படி வார்த்தது? மெழுகும் குங்கிலியமும் கலந்து முழு உருவத்தையும் செய்து, மேலே மண் பூசி, காயவைத்து, சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைக்க வேண்டும். ஒரு அச்சுக்கு ஒரே சிலை. எங்கள் பட்டறையில் மரப் பேட்டர்ன், அதாவது மணலில் பதித்து அச்சு எடுக்கும் மர மாதிரி, பத்திரமாக இருக்கும். ஒரு முறை மணலில் ஈரம் கூடி, பம்பு மூடி ஒன்று உள்ளே காற்று ஓட்டையோடு வந்துவிட்டது. உருக்கி, மறுநாளே வேறு ஊற்றினோம். சோழர் காலத்து ஸ்தபதிக்கு அப்படி ஆகியிருந்தால் மெழுகிலிருந்து, தலைமுடிச் சுருளிலிருந்து, எல்லாம் மறுபடி.

அதே கூடத்தில் இருக்கும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரைப் பாருங்கள். 11ஆம் நூற்றாண்டு. வலப்பக்கம் இரண்டு கை, இடப்பக்கம் ஒரே கை. வலத் தொடையோடு ஆடை நின்றுவிடுகிறது, இடப்பக்கம் கணுக்கால் வரை போகிறது. எங்கே ஆண் முடிந்து பெண் தொடங்குகிறது என்று நடுவில் கோடு தேடினேன். கிடைக்கவில்லை. பக்கவாட்டில் நின்று பார்த்தால் இரண்டு வேறு ஆள்கள். முன்னால் வந்தால் ஒருவர். இதற்காகவே இருபது முறையாவது போயிருக்கிறேன்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். தூத்துக்குடிப் பக்கம் பழங்கால இடுகாடான ஆதிச்சநல்லூரில் தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்த பொன் நெற்றிப்பட்டங்களைச் சொல்ல நினைத்தேன். காகிதம்போல மெல்லிய தகடு. அப்புறம் புவியியல் ஆய்வாளர் புரூஸ் பூட் சேகரித்த கற்காலக் கல் கருவிகள். 1863இல் நம் பல்லாவரத்தில் கைக்கோடரி கண்டெடுத்தவர் அவர். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், விடுமுறை. வணக்கம்.