கேமராவை எங்கே வைப்பது?

(திரையில்: ஜன்னலோரம் ஒரு பெண் கடிதம் படிக்கிறார். ஒரே காட்சி, இரண்டு ஷாட்கள், பக்கத்துப் பக்கத்தில்.)

இரண்டு ஷாட்டையும் நன்றாகப் பாருங்கள். முகத்தின் அளவு இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் இடதுபக்கம் இருப்பதில் மூக்கு சற்றுப் பெரிதாக, காதுகள் பின்வாங்கினாற்போலத் தெரிகின்றன; பின்னால் இருக்கும் கதவு எங்கோ தள்ளிச் சின்னதாக நிற்கிறது. வலதுபக்கம் அதே கதவு அவர் தோளுக்கு அருகிலேயே வந்துவிட்டது.

முதலாவது 24 எம்எம் லென்ஸ் (அகலமான பரப்பைக் காட்டும் வைட் லென்ஸ்), 2 அடி தூரம். இரண்டாவது 85 எம்எம், 7 அடி தூரம். லென்ஸ்தான் முகத்தை மாற்றியது என்று பலரும் நினைக்கிறார்கள். மாற்றியது தூரம். நிற்கும் இடத்திலிருந்து எவ்வளவு பரப்பு ஃப்ரேமுக்குள் வரும் என்பதை மட்டும்தான் லென்ஸ் தீர்மானிக்கிறது.

அதனால் முதலில் நடங்கள். முன்னால் போங்கள், பின்னால் வாருங்கள், முகமும் பின்னணியும் சரியாகச் சேரும் இடத்தில் நில்லுங்கள். ஜூம் அதற்கு அப்புறம். செல்போனில் எடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: அதன் மெயின் லென்ஸே வைட் லென்ஸ்தான். க்ளோஸ்அப்புக்காக முகத்தை ஒட்டிக் கொண்டுபோகாமல், பின்னால் வந்து 2 எக்ஸ் வைத்து எடுத்துப் பாருங்கள்.

அடுத்து உயரம். கண் மட்டத்தில் வைத்தால் அவரோடு சமமாக உட்கார்ந்திருக்கிறோம். கீழிருந்து பார்த்தால் ஆள் ஓங்கி நிற்பார், மேலிருந்து பார்த்தால் ஒடுங்குவார். காரணமில்லாமல் கண் மட்டத்தை விட்டு நகராதீர்கள்.

(திரையில்: ஃப்ரேம் மேல் கட்டக் கோடுகள்.)

கண்கள் மேல் கோட்டில் இருக்கட்டும். அவர் பார்க்கும் பக்கம் இடம் விடுங்கள்; பார்வை போக வழி இல்லையென்றால் ஃப்ரேம் மூச்சு முட்டும். க்ளோஸ்அப்பில் உச்சந்தலை வெட்டுப்பட்டால் பரவாயில்லை, தாடை வெட்டுப்படக் கூடாது.

(திரையில்: அம்மாவும் மகனும் எதிரெதிரே.)

இப்போது மகன் வந்துவிட்டான். அம்மாவிடமிருந்து மகன்வரை, இருவரையும் இணைத்து ஒரு கோடு ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கேமரா அந்தக் கோட்டின் ஒரே பக்கம் இருக்கும்வரை அம்மா வலப்பக்கம் பார்ப்பார், மகன் இடப்பக்கம் பார்ப்பான். அம்மாவின் ஷாட்டுக்கு மட்டும் கோட்டைத் தாண்டிப் போனால் அவரும் இடப்பக்கம் பார்ப்பார். இரண்டையும் ஒட்டும்போது, அங்கே இல்லாத மூன்றாவது ஆளை இருவரும் பார்ப்பது போல ஆகிவிடும். எடிட்டிங்கில் இதைச் சரிசெய்வது பெரும் பாடு.

எடிட்டிங் என்றதும் இன்னொன்று. நடிப்பு முடிந்த கையோடு ரெக்கார்டிங்கை நிறுத்திவிடுவது என் ஆரம்ப காலப் பழக்கம். எங்கே கட் செய்வது என்று தேடினால் ஒரு நொடிகூட மிச்சம் இருக்காது. மனதை விட்டுப் போகாத சில பார்வைகளை அப்படித்தான் இழந்தேன்.

(திரையில்: மீண்டும் ஜன்னலோரம்.)

அவர் கடிதத்தை மடித்துவிட்டார். கட் சொல்லாதீர்கள். கை நகரவில்லை, கண் மட்டும் ஜன்னலுக்குப் போகிறது. இன்னும் 5 விநாடி ஓடட்டும்.