குருசடைக்குப் போகும் வழி

மேடையில் வீற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, ஜமாஅத் தலைவர் அவர்களே, போர்த்திய பொன்னாடையை மடிக்கக்கூட விடாமல் மைக்கை நீட்டிவிட்ட விழாக்குழுத் தம்பிமார்களே, பாம்பன், சின்னப்பாலம் மக்களே, வணக்கம். யார் பெயராவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருடம் ஒருவரை விட்டுவிட்டேன், இன்றுவரை அவர் எனக்குப் பதில் வணக்கம் வைப்பதில்லை.

நம் பாம்பனுக்குப் பக்கத்திலுள்ள குருசடைத் தீவைப் பற்றி மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன். முதலாவது, முதுகெலும்பு உள்ளதற்கும் இல்லாததற்கும் நடுவில் நிற்கிற பலனோகிளாசஸ் என்ற புழு. இந்தச் சின்னத் தீவின் உயிரினங்களுக்காகவே 1927-ல் சென்னை அருங்காட்சியகம் தனி வெளியீடு போட்டது. இரண்டாவது, மூழ்கிப்போன தீவுகள். மூன்றாவது, கடல்பாசி எடுக்கிற நம் பெண்கள். மூன்றாவதிலிருந்தே தொடங்குகிறேன்.

1986-ல் குருசடையையும் சேர்த்து மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அன்றிலிருந்து வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கணும்!

எங்கள் மதினி ஒருவர், விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பை கட்டி, மரிக்கொழுந்துப் பாசி எடுத்துக் கரையேறினார். வனத்துறை அதிகாரி ஒருவர் பையைப் பிடுங்கிக்கொண்டு, "இந்தக் குப்பையை வச்சு என்னம்மா செய்வீங்க?" என்றார். மதினி தலைமுடியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "நேத்து நோன்பு திறக்கிற வீட்டுல பால் கடல்பாசி ரெண்டு கிண்ணம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்களே ஐயா, அது மரத்துலயா காய்ச்சது? கிண்ணத்தை நீட்டினதே நான்தான்!" கரையே சிரித்தது. அவரும் சிரித்தார். பாசி திரும்பி வந்ததா? இல்லை. பை மட்டும் வந்தது, அதுவும் மறுநாள், கண்ணாடி இல்லாமல்.

பாசி எடுத்தால் தீவு அழியும் என்கிறார்கள். பூவரசன்பட்டித் தீவும் விலங்குசல்லித் தீவும் கடலுக்குள் போனது பாசி பறித்தா? சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டி ஏற்றினார்களே, அதனால்! நம் பெண்கள் கையால்தான் எடுக்கிறார்கள், தடைக்காலத்தில் இறங்குவதில்லை. பாசி எடுக்கிற சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-ல், தீவுகளைக் காக்கப் பாடுபடுகிற அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது கொடுத்தது. குந்துகால் கரையிலிருந்து வனத்துறையே குருசடைக்குச் சுற்றுலாப் படகு விடுகிறது. டிக்கெட் எடுத்தவர் இறங்கலாம், பாசி எடுப்பவர் இறங்கக் கூடாது. மறுபடியும் அதே பூசாரிதான்!

புழுவைப் பற்றிச் சொல்ல நேரமில்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார். பாசி எடுக்கும் பெண்களுக்கு அடையாள அட்டையும் இறங்கும் உரிமையும் கேட்டு மேடைக்குப் பின்னால் மனு வைத்திருக்கிறோம். பெண்கள் முதலில் போடட்டும். இருப்பது இரண்டு பேனா. கையெழுத்துப் போட்டதும் பேனாவை அங்கேயே வைத்துவிட்டுப் போங்கள்.