கன்றைப் பிள்ளை கையில் கொடுங்கள்

பெரியோர்களே, தாய்மார்களே, முன்னால் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

கண்ணபுரம் மாரியம்மன் திருவிழாவும் மாட்டுச் சந்தையும் முடிந்த கையோடு என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். இந்த வருஷம் சந்தையை மூன்று நாள் சுற்றினேன். நல்ல மாடுகள் வந்திருந்தன, மனசு நிறைந்தது. ஆனால் கயிறு பிடித்து நின்றவர்களில் மீசை முளைக்காத முகம் ஒன்றிரண்டுதான் கண்ணில் பட்டது. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயசு. ஐப்பசி மழையில் எங்கள் சாம்பல் நிற மயிலைப் பசு காளைக்கன்று ஈன்றது. அப்பாரு, அதாவது என் தாத்தா, என்னைக் கூப்பிட்டு, "இந்தக் கன்னு உன்னுது சாமி. சித்திரைக்கு அடுத்த சித்திரை கண்ணபுரத்துக்கு நீதான் புடிச்சுட்டுப் போகோணும்" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தால் கன்று செக்கச்செவேலென்று நிற்கிறது. மயிலைக்குச் செவலை பிறந்துவிட்டதே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாரு சிரித்தார். காங்கயம் கன்று அப்படித்தான் பிறக்கும், ஆறு மாசம் பொறு என்றார். பொறுத்தேன். காதோரத்தில் தொடங்கி, பழைய சட்டை கழன்று விழுகிற மாதிரி சிவப்பு போய்ச் சாம்பல் ஏறியது. தினமும் பள்ளிக்கூடம் போகும் முன் எந்த இடத்தில் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். எனக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது அந்த ஆறு மாசம்தான்.

மேய்ச்சலுக்குக் கொரங்காடு இருந்தது. இங்கே வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், நடுவில் அங்கங்கே வெள்வேல மரம். மழை குறைந்த இந்தப் பூமிக்கு நம் முன்னோர் கண்டுபிடித்த ஏற்பாடு அது. கோடையில் புல் காய்ந்தாலும் வெள்வேலங்காய் உதிர்ந்து கிடக்கும், மாடு தானே பொறுக்கித் தின்னும். அப்படி அலைந்து மேய்ந்த கன்றுக்குத்தான் குளம்பு கருத்து இறுகும்.

காலையில் உண்ணி பிடுங்குவது என் வேலை. காதுக்குள்ளும் கழுத்துக்குக் கீழே தொங்குகிற அலைதாடி மடிப்பிலும் விரலை விட்டுத் தடவினால் மிளகு மாதிரி தட்டுப்படும். முதலில் உதைத்தது. ஒரு மாசத்தில் தானாகக் கழுத்தை நீட்டிக் கொடுத்தது. மூக்கணாங்கயிறு போட்ட பிறகு சாயங்காலம் தார்ரோட்டுக்கு நடத்திக்கொண்டு போவேன். லாரி ஹாரன் கேட்டு மிரளக் கூடாது, கூட்டத்தைக் கண்டு ஒதுங்கக் கூடாது. சந்தையில் நிற்பதற்கு ஒரு வருஷம் முன்பே சந்தையைப் பழக்க வேண்டும்.

ஒரு தப்பும் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். சந்தைக்குப் பத்து நாள் இருக்கும்போது, உடம்பு ஏறட்டும் என்று யாருக்கும் தெரியாமல் மக்காச்சோள மாவை இரண்டு படி கூடுதலாகக் கரைத்து வைத்தேன். ராத்திரி கன்று படுக்கவில்லை. இடது பக்க வயிறு விம்மி, அப்பாரு விரலால் தட்டியபோது பறை மாதிரி சத்தம் வந்தது. மாட்டு டாக்டர் வந்து மருந்து ஊற்றி, விடியும்வரை நடத்தச் சொன்னார். அப்பாரு என்னைத் திட்டவில்லை. அரிக்கேன் விளக்கைக் கையில் கொடுத்து, "நடத்து" என்றார். அவ்வளவுதான். கன்று ஏப்பம் விட்டு அசைபோட ஆரம்பித்தபோது கோழி கூவிவிட்டது. மாவு அளக்கும் படியைக் கையில் எடுத்தால் இன்றைக்கும் எனக்கு அந்த ராத்திரி ஞாபகம் வரும்.

அப்புறம் சந்தை. வந்தவர்கள் முதலில் வாயைப் பிளந்து பல் பார்த்தார்கள். மாட்டுக்குக் கீழ்த்தாடையில் முன்பல் 8. பால்பல் விழுந்து முதல் ஜோடி முளைக்க இரண்டு வயசு தாண்ட வேண்டும். என்னுடையது பதினெட்டு மாசம், பல் போடவில்லை. சுழி பார்த்தார்கள். திமிலை அமுக்கினார்கள். ஒரு பெரியவர் மட்டும், "தம்பி, நாலு எட்டு நடத்திக் காட்டு" என்று பின்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார். முன்னங்கால் பதிந்த தடத்தில் பின்னங்கால் வந்து விழுகிறதா என்று புழுதியில் பார்த்தார். விழுந்தது. தரகர் துண்டைப் போட்டு, அதற்குள் அப்பாருவின் விரலைப் பிடித்து விலை பேசினார். வாங்கியவர் புதுக் கயிறு போட்டார். பழைய கயிறு என் கையோடு வந்தது. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு ஊர்வரைக்கும் அழுதேன்.

அமெரிக்காவிலும் பிள்ளைகள் இப்படி அழுகிறார்கள் என்று பின்னாளில் படித்தேன். 1902இல் ஒஹையோ மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் ஏ.பி. கிரஹாம் என்கிற பள்ளிக் கண்காணிப்பாளர் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சங்கம் தொடங்கினார். ஃபோர் ஹெச் என்று அங்கே பிள்ளைகளுக்காக நடக்கிற இயக்கத்தின் தொடக்கம் அதுதான் என்கிறார்கள். அதில் சேரும் பிள்ளை ஒரு கன்றையோ ஆட்டையோ வளர்க்கும். தீனிச் செலவை நோட்டில் எழுதும். மாவட்டக் கண்காட்சியில் எல்லோர் முன்னாலும் நடத்திக் காட்டும். கறிக்கு வளர்த்ததானால் கடைசியில் ஏலத்தில் கொடுத்துவிட்டு அழும். அங்கே ஒரு போட்டி எனக்கு ரொம்பப் பிடித்தது. அதில் மாட்டின் அழகுக்கு மார்க் கிடையாது. பிள்ளை அதை எப்படிப் பிடித்து நிறுத்துகிறது, எப்படி நடத்துகிறது, கேட்ட கேள்விக்கு என்ன பதில் சொல்கிறது என்பதற்குத்தான் மார்க். பணக்கார வீட்டுக் கன்றும் ஏழை வீட்டுக் கன்றும் அங்கே ஒன்றுதான்.

2017 தை மாதம் மெரினாவில் நம் பிள்ளைகள் காளைப் படத்தைத் தூக்கிப் பிடித்து உட்கார்ந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தொட்டுத் தடவ ஒரு கன்று வாய்த்திருக்கும் என்பதுதான் என் கவலை. கொரங்காடுகள் மனையாகிக்கொண்டே வருகின்றன. மிச்சமிருக்கிற தொழுவத்திலும், "நீ போய்ப் படி, மாட்டை நான் பார்த்துக்கறேன்" என்று நாம்தான் பிள்ளையை விரட்டுகிறோம். நான் கன்றும் வளர்த்தேன், படித்துத் தேறவும் செய்தேன்.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். சந்தை நடத்துகிற பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அடுத்த சித்திரையில் ஒரே ஒரு காலை நேரத்தைப் பதினெட்டு வயசுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒதுக்குங்கள். ஆண்பிள்ளை, பெண்பிள்ளை இருவருக்கும். தான் வளர்த்த கன்றைத் தானே நடத்தி வரட்டும். என்ன தீனி, எத்தனை மாசம், என்ன நோய் வந்தது என்று நடுவர் கேட்கட்டும். பரிசு பெரிதாக வேண்டாம். ஒரு புதுக் கயிறு, ஒரு கழுத்துமணி, ஒரு மூட்டை பருத்திக்கொட்டை போதும். மூட்டைக்கான பணம் என்னுடையது. கன்று இல்லாத பிள்ளை இருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. என் தொழுவத்தில் போன வாரம் இரண்டு கன்று பிறந்திருக்கின்றன, இரண்டும் இன்னும் சிவப்பாகத்தான் இருக்கின்றன. வளர்க்க விருப்பமுள்ள பிள்ளைகள் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள். பெயர் எழுத நோட்டு கொண்டுவந்திருக்கிறேன்.