முடி செம்பட்டை ஆகுதா? ரத்தத்துல இரும்பு எவ்வளவுன்னு பாருங்க

(காட்சி: வெள்ளைத் தாள்ல பெருசா வரைஞ்ச ஒத்த முடி)

இந்த முடியோட நுனி கருப்பு. நடுவுல ரெண்டு சென்டிமீட்டர் செம்பட்டை. வேர்ப்பக்கம் மறுபடியும் கருப்பு. வெயில்ல வெளுத்திருந்தா நுனிதான் முதல்ல வெளுத்திருக்கணும். நடுவுல மட்டும் நிறம் போனா, காரணம் உள்ள இருக்கு.

முடி மாசத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும். அப்போ இது ரெண்டு மாசக் கணக்கு. இப்படிப் பட்டை பட்டையா நிறம் மாறுன முடியை, இரும்புச்சத்துக் குறைவோட சேர்த்து 1989ல ஜப்பான் டாக்டர்கள் பதிவு பண்ணாங்க. இரும்புச்சத்து கொடுத்ததும் கருப்பு திரும்ப வந்துச்சு. ரொம்ப அபூர்வமா வர்ற நிலை இது.

(காட்சி: முடிவேர், நிறமி செல்கள்)

முடிவேர்ல இருக்குற நிறமி செல்கள் மெலனின் செஞ்சு, வளர்ற முடிக்குள்ள தள்ளிக்கிட்டே இருக்கும். மெலனின் செய்ற முக்கியமான என்சைமுக்கு வேண்டியது செம்பு. இரும்போட வேலை வேற: வேருக்கு ஆக்ஸிஜன் கொண்டுபோகணும், செல்கள் வேகமா பெருகணும். நம்ம உடம்புல படுவேகமா பெருகுற செல்கள்ல முடிவேர் செல்களும் உண்டு. பற்றாக்குறை வந்தா, உயிர் காக்குற வேலைக்குத்தான் உடம்பு முதல்ல இரும்பை ஒதுக்கும்.

இளநரைக்கு வருவோம். நம்ம ஊர்ல 25 வயசுக்கு முன்னாடி நரைச்சா அது இளநரை. பெரும்பாலும் பரம்பரை. ஆனா இந்தியாவுல நடந்த சில ஆய்வுகள்ல, இளநரை உள்ளவங்களுக்கு ஃபெரிட்டினும் (உடம்புல சேமிப்பா இருக்குற இரும்பைக் காட்டுற புரதம்) வைட்டமின் பி12ம் குறைவா இருந்திருக்கு. அதனாலதான் சொல்றேன், டை வாங்குறதுக்கு முன்னாடி ஒரு ரத்தப் பரிசோதனை எடுங்க. ஹீமோகுளோபின் மட்டும் போதாது. ஃபெரிட்டின்தான் சேமிப்புக் கணக்கு. அது காலியான பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும்.

(காட்சி: மின்சார ரயில், காலை நேரக் கூட்டம்)

தாம்பரத்துல ஏறி பீச் வரைக்கும் நின்னுக்கிட்டே போற பொண்ணு. டிபனைத் தவிர்த்துட்டு ஒரு காபி. மாசாமாசம் அதிக உதிரப்போக்கு. மூச்சு வாங்குனா "வெயிட் போட்டுட்டேன்"னு நினைச்சுக்குறா. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி, தமிழ்நாட்டுல 15லேர்ந்து 49 வயசுப் பெண்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகை. இதை நினைச்சா எனக்கு மனசு கனக்குது.

(காட்சி: இரும்புச் சட்டி, முருங்கைக்கீரை)

கறிக்கடையில சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், கேட்டு வாங்குங்க. அதுல இருக்குற இரும்பை உடம்பு சுலபமா எடுத்துக்கும். முருங்கைக்கீரை, கேழ்வரகுன்னா கூட எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேருங்க. புளிக்குழம்பை இரும்புச் சட்டியில வைங்க. காபி, டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க.

மாத்திரையை டாக்டர் சொல்லாம எடுக்காதீங்க. இரும்பு கூடினாலும் ஆபத்து. எடுக்குறவங்களுக்கு மலம் கருப்பா போகும். அதைப் பார்த்து பயந்து பலர் நடுவுல நிறுத்திடுறாங்க. ஹீமோகுளோபின் சரியான பிறகும் சேமிப்பு நிரம்ப சில மாசம் தொடரணும்.

(காட்சி: மறுபடி அதே முடி)

வெளிய வந்துட்ட முடி நிறம் மாறாது. மூணு மாசம் கழிச்சு வகிட்டைப் பிரிச்சு வேர்ப்பக்கம் மூணு சென்டிமீட்டரைப் பாருங்க. பழைய செம்பட்டைப் பட்டை, கத்திரிக்கோல் வர்ற வரைக்கும் கீழே இறங்கிக்கிட்டே இருக்கும்.