பாட்டு திறந்த காது

(கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்கு அருகே ஒரு வாயனசாலையின், அதாவது நூலகத்தின், ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம். முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வணக்கம். நான் சொல்லப்போவது உங்கள் வயதில் எனக்கு நடந்தது.

1982ஆம் வருஷம். இதே ஊர்ப்பக்கத்தில் தமிழ் வழியில் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் தமிழ். பஸ்ஸிலும் கடையிலும் பாதி மலையாளம். அந்த மலையாளத்தை யாரும் எங்களை உட்கார வைத்துக் கற்றுத்தரவில்லை. டீக்கடை ரேடியோவில் யேசுதாஸ் பாடப் பாட அது தானாகவே காதில் ஏறிவிட்டது. ஆங்கிலம் மட்டும் புத்தகத்துக்குள் இருந்தது. ஒரு வரி வாசிப்போம், தமிழில் அர்த்தம் எழுதிக்கொள்வோம், கேள்வி பதிலை மனப்பாடம் செய்வோம். எனக்கு நல்ல மார்க் வந்தது. ஆனால் ஆங்கிலத்தில் பேசி வளர்ந்த ஒரு மனிதரின் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை.

துபாயில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு அண்ணன் அந்த வருஷம் லீவுக்கு வந்தபோது ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த ஒரு டூ இன் ஒன் பெட்டி கொண்டுவந்தார். கூடவே நாலைந்து கேசட். லீவு முடிந்து அவர் போய்விட்டார், பெட்டி இங்கேயே இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ள அண்ணி அனுமதித்தார். ரீவைண்ட் பொத்தானை அழுத்தினால் பேட்டரி தீர்ந்துவிடும் என்று கேசட்டை வெளியே எடுத்து, ஓட்டையில் பென்சிலை நுழைத்துச் சுற்றுவேன். ஒரு வரிக்குப் பத்துத் தடவை.

அந்தக் கேசட்டுகளில் ஒன்று போனி எம் குழுவினுடையது. பாபிலோன் ஆறுகளைப் பற்றி ஒரு பாட்டு வருமே, 1978இல் பிரிட்டனில் முதலிடத்துக்குப் போன பாட்டு, அதுதான் எனக்கு முதல் பாடம். நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். இடது பக்கத்தில் காதில் விழுந்ததை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதுவேன். வலது பக்கம் சரியான வார்த்தைக்கு. வலது பக்கங்கள் மாதக்கணக்கில் காலியாகவே கிடந்தன.

முதல் வரியில் நான் எழுதியது ‘தேர்வி சாட்டவுன்’. டவுன் என்றால் நமக்கு என்ன? பாலக்காடு டவுன், சித்தூர் டவுன். பாபிலோன் ஒரு ஊர் என்று தெரியும், ஆகவே சாட்டவுன் அதற்குப் பக்கத்து ஊர் என்று முடிவு செய்துவிட்டேன். வாயனசாலையில் இருந்த உலக வரைபடத்தில் அதைத் தேடியிருக்கிறேன்.

அந்த ஊரை அழித்தது அண்ணிதான். அவர்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். ஒருநாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர், ‘இது வேதாகமத்துச் சங்கீதம் மாதிரியல்லவா இருக்கிறது’ என்றார். உள்ளே போய் வேதாகமத்தை எடுத்து வந்து 137ஆம் சங்கீதத்தைத் தமிழில் வாசித்தார். சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட மக்கள் பாபிலோன் ஆற்றங்கரையில் உட்கார்ந்து தங்கள் ஊரை நினைத்து அழுகிறார்கள். பிடித்துவந்தவர்களோ, உங்கள் ஊர்ப் பாட்டைப் பாடுங்கள் என்று கேட்கிறார்கள். அந்நிய தேசத்தில் அதை எப்படிப் பாடுவது? கால் தரையில் நிற்காமல் ஆடவைக்கிற ஒரு மெட்டுக்குள் இவ்வளவு அழுகை இருந்திருக்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்புறம்தான் நோட்டைப் பார்த்தேன். சாட்டவுன் ஊரே இல்லை. ‘ஸேட்’, ‘டவுன்’. உட்கார்ந்தோம்.

இரண்டு வார்த்தையும் எனக்கு முன்பே தெரிந்தவை. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவை. ஒட்டி வந்ததும் அடையாளம் தெரியாமல் போய்விட்டன. இதைத்தான் இன்று உங்களிடம் கொஞ்சம் நின்று பேச ஆசைப்படுகிறேன். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் தடுமாறுவதற்கு வார்த்தை போதாததுதான் காரணம் என்று நினைக்கிறோம். பாதிக் காரணம் காது.

தமிழாசிரியர் சந்தி நடத்தியிருப்பார். ‘உடல்மேல் உயிர்வந் தொன்றுவ தியல்பே’ என்கிறது நன்னூல். மெய்யெழுத்தில் முடிகிற சொல்லுக்குப் பின்னால் உயிரெழுத்து வந்தால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். பால், ஆடை, பாலாடை. ஆங்கில வாயிலும் இதேதான் நடக்கிறது. ‘டர்ன்’, ‘இட்’, ‘ஆஃப்’ என்று மூன்றாக எழுதுவார்கள், ‘டர்னிடாஃப்’ என்று ஒன்றாகச் சொல்வார்கள். நாம் சேர்த்துச் சொல்வதைச் சேர்த்தே எழுதவும் செய்கிறோம். அவர்கள் எழுதும்போது பிரித்துவிடுகிறார்கள். புத்தகத்தை மட்டும் பார்த்துப் படிக்கிற பிள்ளைக்கு ஆங்கிலத்திலும் புணர்ச்சி உண்டு என்று எப்படித் தெரியும்? பாட்டைக் கேட்டால் தெரியும்.

இன்னொன்று, அது தாளம். தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. ஒவ்வொரு எழுத்தும் தன் பங்கை வாங்கிக்கொள்ளும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. ஒரு வரியில் அழுத்திச் சொல்கிற இடங்கள் சில இருக்கும், மற்றவை அவற்றின் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு போகும், நம் பொள்ளாச்சி பஸ் மாதிரி. கையைத் தட்டிக்கொண்டே சொல்லிப் பாருங்கள். ‘கேர்ல்ஸ் ரீட் புக்ஸ்.’ மூன்று தட்டு. இப்போது ‘த கேர்ல்ஸ் வில் பி ரீடிங் த புக்ஸ்.’ இதற்கும் அதே மூன்று தட்டுதான். ‘வில் பி’ என்பது எங்கே போனது என்றே தெரியாது, ஆனால் உள்ளே இருக்கிறது. நாம் ஆங்கிலம் பேசும்போது எல்லா எழுத்துக்கும் அதனதன் மாத்திரையைக் கொடுத்துவிடுகிறோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அது நம் தாய்மொழி நமக்குக் கொடுத்த நடை. ஆனால் அந்த நடையையே எதிர்பார்த்துக் கேட்டால் வேகமாகப் பேசுகிறவர் சொல்வது ஓடிப்போய்விடும். பாட்டில் டிரம்ஸ் ஒவ்வொரு அழுத்தத்தையும் அடித்துக் காட்டுகிறது. இவ்வளவு பொறுமையான வாத்தியாரை நான் பார்த்ததில்லை.

சில வார்த்தைகளை அகராதியிலும் கண்டுபிடிக்க முடியவில்லை. ‘வானா’, ‘கானா’ என்று அடிக்கடி வந்தது. நம் எழுத்துகளைத்தானே அப்படிச் சொல்வோம்! வாயனசாலையிலிருந்த பழைய அகராதியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், இல்லை. ‘வான்ட் டு’, ‘கோயிங் டு’ என்பதுதான் வாயில் தேய்ந்து அப்படி ஆகியிருக்கிறது என்று ஒரு வருஷம் கழித்துத்தான் பிடிபட்டது.

பாட்டில் இருப்பதெல்லாம் பரீட்சைக்கு ஆகாது, அதையும் சொல்லிவிட வேண்டும். பீட்டில்ஸ் குழுவின் 1965ஆம் வருஷத்துப் பாட்டு ஒன்றில் ‘ஷி டோன்ட் கேர்’ என்று வரும். நான் அரையாண்டுத் தேர்வில் ‘ஷி டோன்ட்’ என்று எழுதிவைத்தேன். ‘ஷி டஸன்ட்’ என்றுதான் எழுத வேண்டும் என்று சார் சிவப்பு மையில் வட்டம் போட்டார். பாட்டில் அப்படித்தான் சார் இருக்கிறது என்றேன். அவர் திட்டவில்லை. ‘மழை வந்துச்சு என்று தமிழ்ப் பரீட்சையில் எழுதுவாயா?’ என்று கேட்டார். எழுதமாட்டேன் என்றேன். ‘வீட்டில் எப்படிச் சொல்வாய்?’ என்றார். அதற்கு மேல் அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த சாருக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

அடுத்த கேசட் ‘அப்பா’ (ABBA) என்கிற பாட்டுக் குழுவினுடையது. நான் கேட்டதிலேயே உச்சரிப்பு மிகத் தெளிவாக இருந்தது அவர்களிடம்தான். ஆங்கிலேயர்கள் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அவர்கள் சுவீடன் நாட்டுக் குழு, வீட்டில் சுவீடிஷ் பேசுகிறவர்கள். 1974இல் யூரோவிஷன் போட்டியில் ஆங்கிலப் பாட்டைப் பாடி வென்றவர்கள். போனி எம் ஒரு ஜெர்மன் தயாரிப்பாளர் சேர்த்த குழு, அதில் இருந்தவர்கள் கரீபியன் தீவுகளைச் சேர்ந்தவர்கள். அந்த பாபிலோன் பாட்டையே 1970இல் முதலில் பாடியது மெலோடியன்ஸ் என்கிற ஜமைக்கா குழு. ஆக, எனக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர்களில் லண்டன்காரர்கள் குறைவு. இது தெரிந்த அன்று எனக்கு வந்த தைரியம் கொஞ்சநஞ்சமல்ல. சுவீடன்காரர் பாடலாம், ஜமைக்காக்காரர் பாடலாம், கொழிஞ்சாம்பாறைப் பையன் பேசக் கூடாதா?

அந்தத் தைரியம் உதவிய இடத்தைச் சொல்கிறேன். பத்தொன்பது வயதில் ஒலவக்கோடு ரயில் நிலையத்தில் நண்பர்களோடு நின்றுகொண்டிருந்தேன். முதுகில் பை மாட்டிய ஒரு வெளிநாட்டு அம்மா வந்து வண்டியைக் காட்டி ஏதோ கேட்டார். என்னைவிட அதிக மார்க் வாங்கிய இருவர் பக்கத்தில் நின்றார்கள், யாருக்கும் புரியவில்லை. என் காதில் ‘வாட் டைம் டஸிட் கெட்டின்’ என்று விழுந்தது. ‘டஸிட்’, ‘கெட்டின்’ இரண்டும் என் நோட்டின் இடது பக்கத்து வார்த்தைகள் மாதிரியே இருந்தன. மனசுக்குள் பிரித்தேன்: வண்டி எத்தனை மணிக்குப் போய்ச்சேரும் என்கிறார். ‘சிக்ஸ் தர்ட்டி’ என்றேன். இரண்டே வார்த்தை. அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். நான் அன்று ராத்திரி தூங்கவில்லை.

இன்று உங்களுக்கு போனில் பாட்டும் கிடைக்கும், அதன் வரிகளும் கூடவே ஓடும். வரிகளை முதலில் பார்த்துவிடாதீர்கள், இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். கண் முந்திக்கொண்டால் காது வேலை செய்வதை நிறுத்திவிடும். மூன்று நாள் கேளுங்கள். காதில் விழுந்ததைத் தமிழிலேயே எழுதுங்கள், தப்பாக இருக்கட்டும். நாலாவது நாள் வரிகளைத் திறந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கெல்லாம் சாட்டவுன் கட்டியிருக்கிறீர்களோ, அங்கெல்லாம் உங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது.

போதும், நான் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டேன். இந்தப் போனில் அந்தப் பழைய பாட்டு இருக்கிறது. மைக்குக்குப் பக்கத்தில் பிடிக்கிறேன். டீச்சர், அந்த மின்விசிறியைக் கொஞ்சம் நிறுத்துங்கள். பிள்ளைகளே, இப்போது எதுவும் எழுத வேண்டாம். கையை மட்டும் தட்டுங்கள்.