மின்சாரமாக வரும் செய்தி நடுவில் ஏன் வேதிப்பொருளாகிறது?

ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "நரம்புக்குள் செய்தி மின்துடிப்பாகத்தானே ஓடுகிறது? அடுத்த செல்லுக்குத் தாண்டும்போது மட்டும் ஏன் வேதிப்பொருளாக மாற வேண்டும்? நேரம் வீண்தானே?"

நேரம் ஆகத்தான் செய்கிறது, சுமார் அரை மில்லி செகண்ட். இரண்டு செல்களுக்கும் நடுவே ஏறக்குறைய 20 நானோமீட்டர் இடைவெளி. துடிப்பு நரம்பின் முனைக்கு வந்ததும் கால்சியம் உள்ளே நுழையும். உடனே அங்கே தயாராக இருக்கும் நுண்பைகள் சவ்வோடு ஒட்டி, தங்களுக்குள் இருக்கும் வேதிப்பொருளை இடைவெளியில் கொட்டும். அது எதிர்ச் செல்லின் ஏற்பிகளில், அதாவது அந்த வேதிப்பொருளை வாங்கிக்கொள்ளும் மூலக்கூறுகளில், போய் உட்காரும்.

இப்படிச் செய்தி கைமாறும் சந்திப்புக்கு சினாப்ஸ் என்று பெயர். மின்சாரமாகவே தாண்டுகிற சினாப்ஸ்களும் நம் உடம்பில் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் வந்ததை அப்படியே தள்ளிவிடும். "வேண்டாம், நிறுத்து" என்று சொல்ல வேதிப்பொருள்தான் வசதி.

1921இல் ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி செய்த சோதனையே அதற்குச் சாட்சி. இரண்டு தவளை இதயங்கள். ஒன்றின் வேகஸ் நரம்பை (இதயத்தை மெதுவாக்கும் நரம்பு) தூண்டினார், துடிப்பு குறைந்தது. அந்த இதயம் இருந்த உப்புநீரை எடுத்து இன்னொன்றுக்குக் கொடுத்தார். அதுவும் மெதுவானது! அதன் நரம்பை யாரும் தொடவே இல்லை. அப்படியென்றால் சேதி அந்த நீரில்தான் வந்திருக்க வேண்டும். (இந்த யோசனை கனவில் வந்ததாம். முதல் ராத்திரி கிறுக்கி வைத்தது காலையில் அவருக்கே புரியவில்லை. மறுநாள் ராத்திரி திரும்ப வந்திருக்கிறது. அதிர்ஷ்டக்காரர்.) அந்தப் பொருள் அசிட்டைல்கோலின்.

சரி, இதயத்தை அடக்குகிற அதே அசிட்டைல்கோலின்தான் உங்கள் கைத்தசையைச் சுருங்கவும் வைக்கிறது. பொருள் ஒன்று, ஏற்பி வேறு. அதனால் "அசிட்டைல்கோலின் என்ன செய்யும்?" என்பது பாதிக் கேள்விதான். யார் வாங்குகிறார்கள் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நம் ஊர்ப் பாம்புகள் இதை நன்றாகவே காட்டிக்கொடுக்கும். நல்ல பாம்பின் நஞ்சு தசையில் உள்ள ஏற்பிகளை அடைத்துக்கொள்கிறது. நரம்பு சொல்லிக்கொண்டே இருக்கும், தசைக்குக் கேட்காது. இமை தொங்கும், மூச்சும் திணறும். கட்டுவிரியன் நஞ்சு முக்கியமாக அனுப்புகிற முனையையே கெடுத்துவிடும். விஷமுறிவு மருந்து இரண்டுக்கும் வேண்டும். ஆனால் அசிட்டைல்கோலின் சிதையாமல் காக்கும் நியோஸ்டிக்மின் ஊசி நல்ல பாம்புக் கடியில் கைகொடுக்கும் அளவுக்குக் கட்டுவிரியன் கடியில் கைகொடுப்பதில்லை. காக்கலாம் என்றால், முதலில் அங்கே ஏதாவது வெளியே வர வேண்டுமே.